செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னைப் பட்டணத்து ஜனங்கள் பெயர் வைப்பதில் மகா கெட்டிக்காரர்கள். 1851-ஆம் வருஷம் சர்க்கார் இங்கே ஒரு பொருட்காட்சி சாலையை ஏற்படுத்தினார்கள். முதலில் அது நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் கட்டடத்தில் இருந்தது. பிறகு எழும்பூருக்குப் பெயர்ந்தது. 1855-ல் அதன் தோட்டத்திலேயே மிருகக் காட்சி சாலையும் தோன்றிற்று. இரண்டுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள் இருந்தன. ஜனங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு, மிருகங்கள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும், கண்ணாடிப் பெட்டிகள் இருந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தார்கள். இந்தப் பெயரில் பரிகாசம் பாதி, மரியாதை பாதி. செத்ததானாலும் காலேஜ் அல்லவா? படிப்பதற்காகத்தான் அங்கே போகிறோம் என்பதை ஜனங்கள் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் செத்த காலேஜுக்கு அழைத்துப் போகும் வைபவத்தை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். காலை எட்டு மணிக்குப் பஸ் புறப்படும். வரிசை கலையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணாடியின் மேல் மூக்கை வைத்து அழுத்தக் கூடாது. சுவருக்குச் சுவர் 'தொடாதீர்கள்' என்று பலகை. நாற்பது நிமிஷத்தில் இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரத்தைக் கடந்து வெளியே வந்து, மர நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவார்கள். மறுநாள் வகுப்பில் 'நான் கண்ட பொருட்காட்சி சாலை' என்று வியாசம். பத்து வருஷம் கழித்து அந்தக் குழந்தையைப் பார்த்து, "அன்று என்ன கண்டாய்?" என்று கேட்டால், "புளியோதரை நன்றாயிருந்தது" என்று சொல்லும். குழந்தையின் பேரில் குற்றமில்லை. அன்று முழுவதும் அதன் கை பட்ட பொருள் புளியோதரை ஒன்றுதான்!

செப்பேட்டையும் சிற்பத்தையும் பொறுத்த வரையில் இந்த ஏற்பாடு ஒருவாறு போதும் என்றே வைத்துக்கொள்வோம். செப்பேட்டைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று படிக்கலாம். சிற்பத்தைத் தள்ளி நின்று பார்த்து அனுபவிக்கலாம். ஆனால், கடலோடிய சரித்திரம் அப்படிப்பட்டதல்ல. அது கயிறு முறுக்கிய கையின் சரித்திரம். பலகை தைத்த கையின் சரித்திரம். துடுப்புப் போட்டுக் காய்த்துப்போன கையின் சரித்திரம். கையால் செய்ததைக் கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

* * *

இதை மயிலாப்பூர்வாசிகளுக்குச் சொல்வதற்கு விசேஷக் காரணம் உண்டு. மயிலாப்பூர் ஒரு காலத்தில் துறைமுகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற பூகோள ஆசிரியர் குறித்து வைத்த 'மலியார்பா' என்ற துறை நம் மயிலாப்பூரே என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்து சாந்தோமில் குடியேறினார்கள். இன்றோ, மயிலாப்பூர்க் குழந்தைக்கு நெருங்கிப் பழக்கமான மரக்கலம் ஒன்றே ஒன்றுதான். தை மாதத்தில் கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றிவரும் தெப்பம்! குளக்கரையிலிருந்து கடற்கரைக்கு ஒரு மைல்கூட இல்லை. அந்த ஒரு மைலைத் தாண்டிப் போனாலும், சுண்டல் வாங்கிக்கொண்டு, காலை நனைத்துக்கொண்டு திரும்பி விடுகிறோம்.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய், இரட்டை உடல் உள்ள வேறொரு படகுக்குச் சூட்டி, உலகமெல்லாம் பரப்பி விட்டார்கள். நம்முடைய கட்டுமரம் பெயருக்கு ஏற்றது. இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர விடுவார்கள். அது ஏன் மூழ்குவதில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். ஒப்பித்து முடித்த பிறகு, நான்கு மட்டைகளைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரு தொட்டித் தண்ணீரில் அதையும், பக்கத்தில் ஒரு தகர டப்பாவையும் மிதக்க விடுங்கள். இரண்டின் மேலும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுங்கள். டப்பா அமிழ்ந்து போகும்; மட்டைகள் அலட்சியமாக மிதக்கும். தண்ணீர் தங்க இடம் வைத்தால்தானே மூழ்குவதற்கு? இதைக் கண்ட குழந்தை இந்த ஜன்மத்தில் மறக்காது.

அடுத்தது மசூலாப் படகு. சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870-களில்தான். அதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. கவர்னர் துரையானாலும் கம்பளி மூட்டையானாலும், அலையைக் கடந்து கரை சேர்வதற்கு நம் கரையோர ஜனங்களின் படகைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்தப் படகு பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் தூக்கி எறியப்பட்டுத் தரையில் மோதினால் பிளந்து போயிற்று. தைத்த படகோ வளைந்து கொடுத்துப் பிழைத்தது. இதைப் புஸ்தகத்தில் மூன்று வரியில் எழுதிவிடலாம். ஆனால், துளை போட்ட இரண்டு பலகைகளையும் ஒரு பிரிக் கயிற்றையும் குழந்தைகளிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் தைத்தது கட்டாயம் ஒழுகும். ஏன் ஒழுகுகிறது என்று கேள்வி பிறந்ததோ இல்லையோ, பாடம் ஆரம்பமாகி விட்டது. கயிற்றுக்கு அடியில் நாரைத் திரித்து வைத்து இறுக்கினால், நார் நனைந்து உப்பிச் சந்தை அடைக்கும். எத்தனையோ தலைமுறை கண்டுபிடித்த வித்தையை ஒரு பிற்பகலில் குழந்தையின் விரல் கண்டுபிடித்து விடுகிறது.

மூன்றாவது, இராப்பலகை. சோழமண்டலக் கரை மாலுமிகள் வைத்திருந்த இந்தக் கருவியை, 1850-ல் சென்னையில் வெளியான ஒரு பத்திரிகையில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் வர்ணித்திருக்கிறார். சிறு மரப் பலகை; அதன் நடுவில் ஒரு கயிறு; கயிற்றில் முடிச்சுகள். அவ்வளவுதான். கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு பலகையை முன்னால் பிடிக்க வேண்டும். அடி விளிம்பு தொடுவானத்தைத் தொட வேண்டும். மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். எந்த முடிச்சில் இரண்டும் பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்கு உரிய துறைமுகத்துக்கு நேராக இருக்கிறோம் என்று அர்த்தம். வடக்கே போகப் போக நட்சத்திரம் உயரும், பலகையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவர வேண்டும், கயிறு குறையும். சென்னைக்குத் துருவ நட்சத்திரம் சுமார் 13 பாகை உயரத்தில் நிற்கும். ராத்திரியில் குழந்தைகளை அழைத்துப் போவது சிரமம் என்றால், பகலிலேயே மணலில் நின்று கலங்கரை விளக்கத்தை அளந்து பார்க்கட்டும். அருகில் நின்றால் ஒரு முடிச்சு. விலகி நின்றால் இன்னொரு முடிச்சு. திரிகோண கணிதம் என்ற பெயரைக் கேட்டதுமே வயிற்று வலி வரும் பிள்ளைகள்கூட, அந்தச் சாஸ்திரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பார்கள்!

* * *

இதெல்லாம் வீண் ஆசை என்று நினைக்க வேண்டாம். டென்மார்க் தேசத்தில் ரோஸ்கில்டே என்ற ஊரில், 1962-ல் கடல் கழியின் அடியிலிருந்து ஐந்து பழைய மரக்கலங்களை எடுத்தார்கள். அவற்றுக்கென்று ஒரு காட்சி சாலை கட்டினார்கள். உடைந்த பலகைகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளியே படகுத் துறையில், அவற்றின் மாதிரியாகப் புதிய கப்பல்களைப் பழைய கருவிகளைக் கொண்டே செய்கிறார்கள். குழந்தைகள் அங்கே கயிறு திரிக்கலாம்; துடுப்புப் போடலாம். அப்படிச் செய்த கப்பல் ஒன்று 2007-ல் அயர்லாந்து வரையில் பாய் விரித்து ஓடிற்று.

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. அஜந்தா குகைச் சித்திரத்தில் கண்ட ஒரு கப்பலை மாதிரியாக வைத்து, கேரளத்துக் கைவினைஞர்களைக் கொண்டு, தென்னங்கயிற்றால் தைத்த கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். 'கௌண்டின்யா' என்று பெயரிட்டு, 2025 மே மாதம் கார்வாரில் அதைக் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் அது மஸ்கட் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஆணியில்லாத கப்பல் கடல் கடக்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அதுவே பதில்.

'தொடாதீர்கள்' என்ற பலகையை எழுதி வைத்தவர்களின் பேரிலும் நியாயம் உண்டு. கை வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. வருஷத்துக்கு லட்சம் விரல்கள் பட்டால் வெண்கலமும் கெடும், மரமும் கெடும். ஆகையால், மூலப் பொருள் கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். நகல் குழந்தையின் கைக்கு வரட்டும். நியூஸீலந்தில் வெல்லிங்டன் நகரத்துக் காட்சி சாலையில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. 1836-ல் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார், அதை மாவோரிப் பெண்கள் கிழங்கு வேக வைக்கும் பாத்திரமாக உபயோகித்து வந்ததைக் கண்டார். அதன் மேல் தமிழ் எழுத்துக்கள்! முகையதீன் என்ற பெயருடைய ஒருவரின் கப்பல் மணி என்று அவை சொல்லுகின்றன. அது எப்படி அத்தனை தூரம் போயிற்று என்பது இன்று வரையில் தீராத புதிர். சீனத்துச் சுவான்சௌவில் 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. இலங்கையில் காலியில் கிடைத்த, சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த கல் கொழும்புக் காட்சி சாலையில் இருக்கிறது. நம் கடல் சரித்திரத்தின் ஏடுகள் அயலார் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அந்த மணிக்கு ஒரு நகல் வார்த்து, நம் பிள்ளைகள் அடித்து ஓசையைக் கேட்பதற்கு யார் தடை சொல்லப் போகிறார்கள்? சுவாமிமலையில் வெண்கலம் வார்ப்பவர்கள் இருக்கும்போது அது ஒரு பெரிய காரியமா?

* * *

"சரி, எங்கே அழைத்துப் போவது?" என்று பெற்றோர்கள் கேட்கலாம். பூம்புகாரில் 1997 முதல், கடலடியில் எடுத்த பொருள்களுக்கென்றே ஒரு காட்சி சாலை இருக்கிறது. ஆனால் அது ஒரு நாள் பிரயாணத்தில் அடங்காது. சென்னையிலோ கடல் சரித்திரம் பல கூரைகளின் கீழே சிதறிக் கிடக்கிறது. அதைக் கோத்து எடுப்பதற்கு ஒரு வழி சொல்லுகிறோம்: விளக்குகளைப் பின்பற்றிப் போவதுதான் அந்த வழி.

முதல் விளக்கை 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் ஊற்றி ஏற்றினார்கள். அந்தக் கட்டடந்தான் 1948 முதல் கோட்டைப் பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. இரண்டாவது, 1844-ல் ஏற்றிய கற்கம்பம்; ஹைகோர்ட்டு வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மூன்றாவது, 1894-ல் ஹைகோர்ட்டின் உயர்ந்த கோபுரத்திலேயே வைத்த விளக்கு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் வந்து குண்டு போட்டு எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது இந்தக் கரையில்தான். பொல்லாத ஆசாமியை 'எம்டன்' என்று சொல்வது அன்று முதல் நம் பாஷையில் ஏறிவிட்டது. நான்காவது, 1977-ல் மெரீனாவின் தென்கோடியில், மயிலாப்பூருக்குப் பக்கத்தில் எழும்பிய கலங்கரை விளக்கம். 2013 முதல் பொதுஜனங்கள் லிப்டில் ஏறிப் பார்க்கிறார்கள். பழைய விளக்குக் கருவிகளும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன.

மேலே ஏறிய குழந்தைக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. கீழே பரந்து கிடக்கும் மணல் முழுவதும் ஆதியிலிருந்து இருந்ததல்ல. வடக்கே துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கேயிருந்து வரும் மணல் தடைப்பட்டு இங்கே சேர்ந்தது. சுவருக்கு அப்பால் ராயபுரத்துப் பக்கத்தில் கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கத்து லாபம் மற்றொரு பக்கத்து நஷ்டம்! ஒரு தட்டில் மணலும் தண்ணீரும் வைத்து, குறுக்கே ஒரு பலகைத் துண்டை நட்டு, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அலை எழுப்பினால் இதை மேஜை மேலேயே காணலாம்.

கடைசியாக, கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு கல் செக்கு இருக்கிறது. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கு அது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். மூலதனம் பத்து லட்சம்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் தூத்துக்குடிக்கு வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இனாமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. இந்தச் சரித்திரத்தை விளையாட்டாகவே நடத்திப் பார்க்கலாம். வகுப்பை இரண்டு கம்பெனிகளாகவும் மிச்சம் பேரைப் பிரயாணிகளாகவும் பிரியுங்கள். ஒரு கம்பெனி இனாம் டிக்கெட்டும் குடையும் கொடுக்கட்டும். மற்றொன்று காசு கேட்கட்டும். எத்தனை பிரயாணிகள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். சுதந்திரம் என்ன விலை என்பது குழந்தைகளுக்கு அப்போது விளங்கும். நமக்கும் விளங்கும்.

* * *

இத்தனை பாடத்துக்கும் உபாத்தியாயர் யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பி.ஏ., பி.டி. படித்தவர்களுக்குக் கட்டுமரம் கட்டத் தெரியாது. தெரிந்தவர்கள் கலங்கரை விளக்கத்தின் நிழல் படுகிற தூரத்திலேயே இருக்கிறார்கள். நொச்சிக்குப்பத்து முதியவர்களைத்தான் சொல்கிறோம்.

மயிலாப்பூர்க் குழந்தைகளில் லண்டனுக்குப் போய் வந்தவர்கள் உண்டு; கலிபோர்னியாவில் சித்தப்பா வீட்டில் விடுமுறையைக் கழித்தவர்கள் உண்டு. சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டி நொச்சிக்குப்பத்துக்குள் காலடி வைத்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்தில் வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கு நான்கு பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். நான்குக்கும் இடையில் வீசும் காற்றுகளுக்கும் பெயர் வைத்து, இன்று வலை போடலாமா கூடாதா என்று விடியலில் மணலில் நின்றே தீர்மானிக்கும் பெரியவர்கள் ஒரு மைல் தூரத்தில் இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் மீன் விலை விசாரித்ததுண்டு, வேறொன்றும் விசாரித்ததில்லை.

அவகாசமும் அதிகமில்லை. 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை வந்து போன பிறகு, நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகள் ஏராளமாக வந்தன. அதனால் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சௌகரியம் உண்டாயிற்று. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கட்டுமரம் அருகிப் போயிற்று. கட்டத் தெரிந்த கைகளுக்கும் வயதாகி வருகிறது. மரத்தைக் காட்சி சாலையில் வைக்கலாம். முடிச்சுப் போடும் லாகவத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா? அதை வைப்பதற்கு ஏற்ற பெட்டி இன்னொரு கைதான். குப்பத்துப் பிள்ளைகளும் மயிலாப்பூர்ப் பிள்ளைகளும் அந்த முதியவர் முன்னால் சேர்ந்து உட்காரட்டும். அன்றைக்கு வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவன் வேறாக இருப்பான். அதைப் பார்ப்பதும் நம் குழந்தைகளுக்கு ஒரு படிப்பே.

ஒரு விஷயத்தில் மட்டும் பள்ளிக்கூடத்தார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் வாத்தியாருக்குக் கொடுக்கிறோம். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்கிறவருக்குச் சால்வை போர்த்திப் போட்டோ பிடித்து அனுப்பிவிடக் கூடாது. அவருக்கும் சன்மானம் ரொக்கமாக இருக்க வேண்டும்.

ஆட்சேபங்கள் வராமல் இராது. வெயில் என்பார்கள்; பரீட்சைக்குப் பாடம் முடியவில்லை என்பார்கள்; கடல் ஆபத்து என்பார்கள். கடல் ஆபத்துதான். மெரீனாவில் குழந்தைகளை அலையில் இறக்கவே வேண்டாம். இங்கே சொன்ன பாடம் அத்தனையும் உலர்ந்த மணலிலும் ஒரு தொட்டித் தண்ணீரிலும் அடங்கும். முட்டுக்காட்டில் 1996 முதல் நடந்துவரும் தட்சிணசித்ராவில் குழந்தைகள் சக்கரத்தில் களிமண்ணை வைத்துப் பானை வனைந்து பார்க்கிறார்கள். மண்ணுக்குச் செய்த ஏற்பாட்டை மரத்துக்கும் கயிற்றுக்கும் செய்யக் கூடாதா?

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்திலிருந்து உல்லாசப் பிரயாணத்துக்குச் சம்மதக் கடிதம் வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை அதன் அடியில் எழுதி அனுப்புங்கள்: "குழந்தைகள் அங்கே எதைத் தொடுவார்கள்?" இப்படிப் பத்துப் பெற்றோர் எழுதினால் தலைமை ஆசிரியர் யோசிப்பார். நூறு பேர் எழுதினால் காட்சி சாலைக்காரர்களும் யோசிப்பார்கள். அதன் பலனாக ஒரு நாள் உங்கள் குழந்தை சட்டையெல்லாம் தென்னை நாரும், விரலில் ஒரு கொப்புளமுமாக வீட்டுக்கு வந்து நின்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு, அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.